கல்லீரல் புற்றுநோயும் மைக்ரோ ஆர்என்ஏ ரத்தப் பரிசோதனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத்தில் பிசிஆர் (டிஎன்ஏ, ஆர்என்ஏவைப் பல மடங்கு பெருக்கி அளக்கும் முறை) இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தே பல வருடம் ஓடிவிட்டது. அதனால் குடும்பத்தில் யாருக்கு எந்த ரத்த ரிப்போர்ட் வந்தாலும் அது முதலில் என் போனுக்குத்தான் வரும். பெரியப்பா மகன் ஒருவர் ரத்ததானம் செய்துவிட்டு வந்தார். ஒரு வாரத்தில் கூப்பிட்டு "ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்" என்றார்கள். அன்றிலிருந்து "ஒரே ரத்தப் பரிசோதனையில் ஈரல் புற்றுநோயை முன்கூட்டியே சொல்லிவிடும்" என்ற வாட்ஸ்அப் செய்தி குடும்பக் குழுவில் சுற்றிச் சுற்றி வருகிறது. அண்ணன் கேட்டது, அவருடைய நண்பர்கள் கேட்டது, அப்புறம் யார் யாரோ கேட்டது எல்லாவற்றையும் கேட்ட வாக்கிலேயே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்து மாத்திரை விஷயத்தை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

மைக்ரோ ஆர்என்ஏன்னா என்ன? கொரோனா தடுப்பூசியில சொன்னாங்களே, அதுவா?

அது வேறு. சில கொரோனா தடுப்பூசிகளில் இருந்தது தூது ஆர்என்ஏ, அதாவது ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு, ஆயிரக்கணக்கான எழுத்து நீளம். மைக்ரோ ஆர்என்ஏ சுமார் 22 எழுத்துதான். அது எந்தப் புரதத்தையும் செய்யச் சொல்லாது, மாறாக ஏற்கெனவே இருக்கிற தூது ஆர்என்ஏவில் போய் ஒட்டிக்கொண்டு "இதைக் குறைவாகச் செய், இதைச் செய்யாதே" என்று அடக்கி வைக்கும்.

இதை முதலில் பார்த்தது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவில், 1993ல். கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024ல்தான் நோபல் பரிசு வந்தது. கொஞ்ச காலம் இதைப் புழுவின் தனிக் குணம் என்றே நினைத்திருந்தார்கள். 2000த்தில் கண்டுபிடித்த இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏ மனிதன் வரை பல உயிர்களில் இருப்பது தெரிந்த பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு இருக்கிறது வைரஸ்தானே, அது எப்படிப் புற்றுநோயாகும்?

ஹெபடைடிஸ் பி வைரஸும், அதே போல ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸும் வேறு வேறு வழியில் அங்கே போய்ச் சேருகின்றன. இரண்டுக்கும் பொதுவானது வருடக்கணக்கான அழற்சி: ஈரல் செல்கள் சாகும், புதியவை முளைக்கும், தழும்பு விழும், ஈரல் இறுகிச் சிரோசிஸ் ஆகும். செல் பிரிந்துகொண்டே இருக்கும் இடத்தில் பிழைகள் சேரச் சேர ஒரு நாள் ஒரு செல் கட்டுப்பாட்டை மீறும்.

பி வைரஸுக்கு இன்னொரு குணம் உண்டு. அதன் டிஎன்ஏ துண்டுகள் நம் செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் சிரோசிஸ் வராமலே நேரடியாகப் புற்றுநோய் வருகிறவர்களும் பி காரர்களில் இருக்கிறார்கள். சி வைரஸ் ஆர்என்ஏ வைரஸ், அது அப்படி ஒட்டாது. பெரும்பாலும் சிரோசிஸ் வழியாகத்தான் வரும். பி இருக்கிற எல்லோருக்கும் புற்றுநோய் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை, பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2022ல் இந்தியாவில் மட்டும் 2.98 கோடிப் பேருக்கு நாள்பட்ட பி, 55 லட்சம் பேருக்குச் சி இருந்தன. இந்தக் கூட்டத்தில் யாருக்குக் கட்டி முளைக்கிறது என்று சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் பிரச்சினை.

செல்லுக்குள்ள இருக்கிறது ரத்தத்துக்கு எப்படி வருது? ஆர்என்ஏ சட்டுனு கெட்டுப்போயிடும்னு படிச்சேனே?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். வெறும் ஆர்என்ஏவை ரத்தத்தில் விட்டால் அங்குள்ள நொதிகள் அதைச் சில நொடிகளில் கடித்துத் துப்பிவிடும். ஆனால் மைக்ரோ ஆர்என்ஏ வெறும் மேனியாக வருவதில்லை. எக்ஸோசோம் என்ற நுண்ணிய கொழுப்புப் பையில் கொஞ்சம், ஏகோ என்ற புரதத்தின் மடியில் கொஞ்சம், நல்ல கொலஸ்ட்ரால் என்கிறோமே அந்த எச்டிஎல் துகளில் கொஞ்சம் என்று பாதுகாப்பாகத்தான் சுற்றுகிறது. செல் உடைந்து சாகும்போதும் வெளியே கொட்டும், உயிரோடு இருக்கிற செல்லும் வெளியே அனுப்பும்.

2008 வாக்கில் இது தெளிவானதும் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. ஊசி குத்தி ஈரல் சதை எடுக்காமல், கையில் எடுக்கும் ரத்தத்திலேயே ஈரலின் நிலவரத்தைப் படித்துவிடலாமே என்று.

அதுக்குத்தான் ஏஎஃப்பி டெஸ்ட் இருக்கே, அது போதாதா?

ஏஎஃப்பி என்பது கருவில் இருக்கும் குழந்தையின் ஈரல் செய்யும் ஒரு புரதம். பிறந்த பிறகு அடங்கிவிடும், ஈரல் புற்றுநோயில் மறுபடி தலைகாட்டும். 1960களிலேயே கண்டுபிடித்தது, இன்னும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்ற வழக்கமான எல்லையை வைத்தால் ஏறக்குறைய பத்தில் நான்கு புற்றுநோய்கள் தப்பிவிடும், அதுவும் சின்னக் கட்டிகள்தான் அதிகம் தப்பும். மறுபக்கம், கட்டியே இல்லாமல் வைரஸ் கொஞ்சம் சீறினாலும் ஏஎஃப்பி ஏறும், கர்ப்பத்திலும் ஏறும்.

அதனால்தான் அதைத் தனியாக நம்பாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனோடு சேர்த்து எடுக்கச் சொல்கிறார்கள். ஸ்கேனும் குறையில்லாதது இல்லை. பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து 2018ல் வந்த ஒரு கணக்கில், ஆரம்ப நிலைக் கட்டிகளில் ஸ்கேன் மட்டும் பிடித்தது பாதிக்கும் கீழே, ஏஎஃப்பியையும் சேர்த்தால் 63 சதவீதம். இந்த மிச்ச ஓட்டையை அடைக்கத்தான் மைக்ரோ ஆர்என்ஏவைத் தேடிப் போனார்கள்.

எந்த மைக்ரோ ஆர்என்ஏ கூடினா புற்றுநோய்னு அர்த்தம்?

ஒன்றைக் கைகாட்டிச் சொல்ல முடியாது. மிர்-122ஐ எடுத்துக்கொள்ளுங்கள் (மிர் என்பது மைக்ரோ ஆர்என்ஏவின் சுருக்கம், எண் அதன் அடையாளம்). ஈரல் செல்லில் உள்ள மைக்ரோ ஆர்என்ஏவில் சுமார் 70 சதவீதம் இது ஒன்றே, வேறு உறுப்புகளில் பெரிதாகக் கிடையாது. அப்படியானால் ரத்தத்தில் இதைப் பார்த்தால் போதுமே என்றுதான் தோன்றும். ஆனால் ரத்தத்தில் மிர்-122 கூடினால் ஈரல் செல் உடைகிறது என்பதுதான் தெரியும், எதனால் என்று தெரியாது. வைரஸ் சீறினாலும் கூடும், பாராசிட்டமால் அளவுக்கு மிஞ்சிப் போட்டாலும் கூடும். பெரிய வேடிக்கை, பல ஈரல் கட்டிகளின் சதைக்குள் மிர்-122 குறைந்துதான் இருக்கும். எலிகளில் அந்த மரபணுவை நீக்கியபோது ஈரலில் கொழுப்பேறி, அழற்சி வந்து, கடைசியில் கட்டியே வந்தது. ஆக அது காவல்காரன். ரத்தத்தில் அது கூடுவதையும் சதையில் குறைவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மிர்-21 இன்னொரு பிரபலம். ஈரல் புற்றுநோயில் கூடும், சரி. மார்பகம், நுரையீரல், குடல் என்று கிட்டத்தட்ட எந்தப் புற்றுநோயிலும் கூடும். திருவிழாக் கூட்டத்தில் "ஒரு பையனைக் காணோம், வெள்ளைச் சட்டை" என்று மைக்கில் சொல்வது மாதிரி. அதனால் ஐந்தாறு மைக்ரோ ஆர்என்ஏக்களின் ஏற்ற இறக்கத்தைச் சேர்த்து ஒரு சூத்திரமாகப் பார்ப்பதுதான் நடைமுறையில் வந்தது.

சீனாவில இந்த டெஸ்ட் வந்துடுச்சாமே, உண்மையா?

உண்மை. பி வைரஸ் தொடர்பான ஈரல் புற்றுநோய் மிக அதிகமாக உள்ள நாடு அது, ஆய்வும் அங்கேதான் ஆழமாக நடந்தது. ஷாங்காய் ஃபுடான் பல்கலைக்கழகத்தின் ஜோங்ஷான் மருத்துவமனைக் குழு 2011ல் 934 பேரின் பிளாஸ்மாவை (ரத்த அணுக்களை நீக்கிய நீர்ப்பகுதி) பார்த்து ஏழு மைக்ரோ ஆர்என்ஏ கொண்ட தொகுப்பை வெளியிட்டது: மிர்-122, 192, 21, 223, 26ஏ, 27ஏ, 801. அதன் அடிப்படையிலான பரிசோதனைக் கிட்டுக்கு 2017ல் சீன அரசு அனுமதி கொடுத்தது.

அந்த ஆய்வுத் தாளில் எல்லோரும் மேற்கோள் காட்டும் எண்ணை விட எனக்குப் பிடித்தது வேறு. பிரித்துக் காட்டும் திறனை 1க்கு இத்தனை என்று அளப்பார்கள். 1 என்றால் துல்லியம், 0.5 என்றால் காசு சுண்டிப் போட்ட கதை. ஆரோக்கியமானவரிடமிருந்து புற்றுநோயாளியைப் பிரிப்பதில் 0.941, சிரோசிஸ்காரரிடமிருந்து 0.884, நாள்பட்ட பி உள்ளவரிடமிருந்து 0.842. பார்த்தீர்களா, ஆரோக்கியமானவரைப் பிரிப்பதுதான் சுலபம். ஆனால் ஆரோக்கியமானவர் யாரும் இந்த டெஸ்டுக்கு வந்து நிற்கப் போவதில்லையே.

அடுத்தது குவாங்ஜோவில் சுன் யாட்-சென் பல்கலைக்கழகக் குழு 2015ல் வெளியிட்டது, இன்னொரு ஏழு. இவர்கள் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள்: பின்னால் புற்றுநோய் வந்த 27 பேரிடம், அது வருவதற்கு முன்பே எடுத்து உறையவைத்திருந்த ரத்தத்தைப் பார்த்தார்கள். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு 12 மாதம் முன்பு எடுத்த ரத்தத்தில் 27ல் 8 பேரை மைக்ரோ ஆர்என்ஏ காட்டிக்கொடுத்தது, ஏஎஃப்பி 2 பேரை. மூன்று மாதம் முன்பு எடுத்த ரத்தத்தில் மைக்ரோ ஆர்என்ஏ 15 பேரை, ஏஎஃப்பி 6 பேரை. ஏஎஃப்பியை விட ரொம்ப மேல்தான், ஆனால் மூன்று மாதம் முன்புகூட 12 பேர் தப்பியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

துல்லியம் 82 சதவீதம்னு போட்டிருக்கு. அப்போ பாசிட்டிவ் வந்தா 82 சதவீதம் கேன்சர்னு அர்த்தமா?

இல்லை, இல்லவே இல்லை. அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான், தவறாகப் புரிந்துகொண்டு தூக்கம் கெட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். 82 சதவீதம் என்பது புற்றுநோய் உள்ள 100 பேரில் 82 பேரைப் பிடிக்கும் என்பது. புற்றுநோய் இல்லாதவரை "இல்லை" என்று சரியாகச் சொல்வது தனி எண். ஷாங்காய் தொகுப்பில் அது 83.5 சதவீதம்.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். சிரோசிஸ் உள்ள 1000 பேர், அவர்களில் 20 பேருக்கு இப்போது கட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20ல் 16 பேரை டெஸ்ட் பிடிக்கும், 4 பேர் தப்புவார்கள். மீதி 980 பேரில் 16.5 சதவீதத்துக்கு, அதாவது சுமார் 162 பேருக்கு, ஒன்றுமே இல்லாமல் பாசிட்டிவ் காட்டும். மொத்தம் 178 பாசிட்டிவ், அதில் உண்மை 16. பதினொன்றில் ஒன்று! பாசிட்டிவ் என்றால் அடுத்து சிடி அல்லது எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஸ்கேனில் ஊசியில் ஏற்றும் சாய மருந்தைக் கட்டி வாங்கி முதலில் பளிச்சென்று தெரிந்து பிறகு மங்கினால் சிரோசிஸ்காரர்களுக்குப் பல நேரம் சதை எடுத்துப் பார்க்காமலே முடிவு செய்துவிடுவார்கள்.

அப்போ பிக்கும் சிக்கும் ஒரே டெஸ்ட் போதுமா?

மேலே சொன்ன இரண்டு தொகுப்புமே முக்கியமாகப் பி நோயாளிகளை வைத்துச் செதுக்கியவை. சிக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் சி வைரஸுக்கும் மிர்-122க்கும் வினோதமான உறவு உண்டு. மற்ற ஆர்என்ஏவை அடக்குகிற மிர்-122, சி வைரஸின் ஆர்என்ஏ முனையில் ஒட்டிக்கொண்டு அதைக் காப்பாற்றுகிறது. அது இல்லாவிட்டால் வைரஸால் சரியாகப் பெருக முடியாது. 2005ல் இது வெளிவந்தபோது நம்பவே கஷ்டமாக இருந்தது. வைரஸே இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் ஒன்றை அளந்து புற்றுநோயை ஊகிப்பது என்றால் கணக்கு வேறு மாதிரிதான் போட வேண்டும்.

ஒவ்வொரு ஆராய்ச்சியிலயும் வேற வேற பட்டியல் வருதே, யாரை நம்புறது?

ஷாங்காய் ஏழையும் குவாங்ஜோ ஏழையும் பக்கத்தில் வைத்தால் பொதுவாக இருப்பது மிர்-192 ஒன்றுதான். ஒரு குழு பிளாஸ்மா எடுத்தது, இன்னொன்று சீரம் (ரத்தம் உறைந்த பிறகு மிஞ்சும் நீர்). ஆரம்பத்தில் எந்தப் பட்டியலிலிருந்து வடிகட்டினார்கள் என்பதும் வேறு. அதில் மோசடி எதுவும் இல்லை, ஆனால் வேலை எவ்வளவு நுணுக்கமானது என்று காட்டுகிறது.

எங்கள் ஆய்வகத்தில் ஒருமுறை இருபது குழாய் பிளாஸ்மாவை ஐஸில் வைத்து உருக்கிக்கொண்டிருந்தேன். பதினாறு குழாய் வெளிர் மஞ்சள், நாலு மட்டும் ரோஸ்மில்க்கில் தண்ணீர் கலந்த நிறம். ரத்தம் எடுக்கும்போது ஊசி சின்னதாக இருந்தாலோ, குழாயைப் பலமாகக் குலுக்கினாலோ சிவப்பணு உடைந்து இப்படி ஆகும். சிவப்பணுவுக்குள் மிர்-451, மிர்-16 மூட்டை மூட்டையாக இருக்கும். பிசிஆரில் ஒவ்வொரு சுற்றிலும் சரக்கு இரட்டிப்பாகும், ஒரு சுற்று வித்தியாசம் என்றால் அளவு இரண்டு மடங்கு. அந்த நாலு குழாயும் மிர்-451ல் நாலைந்து சுற்று முன்னாலேயே எகிறின. கொடுமை என்னவென்றால் பல ஆய்வுகள் மிர்-16ஐத்தான் "மாறாத அளவுகோல்" என்று வைத்து மற்றதை அளந்தன. அளவுகோலே நீண்டால் துணி சுருங்கியது போலத்தான் தெரியும். தட்டணுக்களில் மிர்-223 நிறைய இருப்பதால் எத்தனை வேகத்தில் சுழற்றிப் பிரித்தோம் என்பதும் விடையை மாற்றும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாயில் எடுத்தால் பிசிஆரே சண்டித்தனம் செய்யும், ஊதா மூடி வேண்டும்.

இன்னொன்று. ஷாங்காய் பட்டியலின் கடைசிப் பெயர் மிர்-801 மைக்ரோ ஆர்என்ஏவே இல்லை, யு11 என்ற வேறொரு ஆர்என்ஏவின் துண்டு என்று சொல்லிப் பின்னால் மைக்ரோ ஆர்என்ஏக்களின் அதிகாரப்பூர்வப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதனால் டெஸ்ட் பொய்யாகிவிடாது, எதை அளந்தாலும் நோயோடு சேர்ந்து ஏறினால் சரிதான். ஆனாலும் கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

இங்க எந்த லேபுல எடுக்கலாம்? எடுத்துப் பார்த்துடலாம்னு இருக்கேன்.

ஐரோப்பிய, அமெரிக்க ஈரல் மருத்துவச் சங்கங்களின் கண்காணிப்பு வழிகாட்டிகளில் மைக்ரோ ஆர்என்ஏ இடம்பெறவில்லை. யாராவது விற்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தெந்த மைக்ரோ ஆர்என்ஏ, எந்த எல்லை எண், அதை யாரிடம் சோதித்தீர்கள். பதிலாகக் கலர் கலராகக் கையேடு மட்டும் வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பி, சி பரிசோதனையும் சிகிச்சையும் 2018 ஜூலை 28ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசம். முதலில் அதைப் பயன்படுத்துங்கள்.

வெளிநாட்டுல எடுத்தேன், நெகட்டிவ். இனி ஆறு மாச ஸ்கேனை விட்டுடலாமா?

கூடாது. மேலே போட்ட கணக்கில் தப்பிய 4 பேரும் நெகட்டிவ் வாங்கியவர்கள்தான். அந்த 27 பேர் கதையையும் திரும்பப் பாருங்கள். ஈரல் கட்டி இரட்டிப்பாகச் சில மாதங்கள் ஆகும், ஆறு மாதம் என்ற இடைவெளி அதை வைத்துத்தான் வந்தது.

எனக்கு சி வைரஸ் மாத்திரையிலேயே போயிடுச்சு. இனி எதுக்கு இதெல்லாம்?

இப்போதைய மாத்திரைகளில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் சி போய்விடுகிறது, சந்தோஷம். மாத்திரை தொடங்கும்போதே சிரோசிஸ் இருந்திருந்தால் புற்றுநோய் அபாயம் குறையும், பூஜ்யமாகாது. தழும்பு அங்கேயேதான் இருக்கிறது. பழைய ரிப்போர்ட்டில் ஃபைப்ரோஸ்கேன் (ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஸ்கேன்) எண் என்ன என்று பார்த்து டாக்டரிடம் காட்டுங்கள். சிரோசிஸ் என்றால் ஸ்கேன் தொடர வேண்டும்.

கீழாநெல்லி சாப்பிட்டா வைரஸே போயிடும்ங்கிறாங்களே?

இதற்குப் பின்னால் நிஜமான ஒரு சென்னைக் கதை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பாருக் பிளம்பர்க்கோடு சேர்ந்து 1988ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு முடிவை வெளியிட்டது. கீழாநெல்லிப் பொடியை 30 நாள் எடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்புப் புரதம் ரத்தத்தில் காணாமல் போனது, வெற்றுப்பொடி எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்தபோது அந்த விளைவு வரவில்லை.

காமாலைக்கு ஆச்சி அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியை நானும் மோரில் குடித்தவன்தான். ஆனால் பி வைரஸை அடக்கும் மாத்திரைகளான என்டெகாவிரையோ டெனோஃபோவிரையோ நிறுத்திவிட்டு இதற்கு மாறாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் பி வைரஸ் சீறி எழுந்து ஈரல் செயலிழந்தவர்கள் உண்டு.

மைக்ரோ ஆர்என்ஏவையே மருந்தாக்க முடியாதா?

முயன்றார்கள். சி வைரஸ் மிர்-122ஐப் பிடித்துத் தொங்குகிறது என்றேனே, அந்த மிர்-122ஐக் கட்டிப்போடும் மிராவிர்சென் என்ற ஊசியை 36 பேருக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2013ல் முடிவு வந்தது, வைரஸ் அளவு நன்றாகவே குறைந்தது. ஆனால் அதே வருடக் கடைசியில் சோஃபோஸ்புவிர் மாத்திரை வந்துவிட்டது, மாத்திரை இருக்க ஊசி எதற்கு. ஈரல் புற்றுநோய்க்கென்று மிர்-34ஏவைப் போல் செய்த எம்ஆர்எக்ஸ்34 என்ற மருந்தின் சோதனையை, கடுமையான எதிர்ப்புச் சக்திப் பக்கவிளைவுகளால் 2016ல் நிறுத்தினார்கள்.

குழந்தைக்கு என்ன செய்யணும்?

பிறந்த 24 மணி நேரத்துக்குள் பி தடுப்பூசி, அப்புறம் அட்டவணைப்படி மற்ற தவணைகள். தாய்க்குப் பி இருந்தால் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் (பி வைரஸை எதிர்க்கும் தயார் எதிர்ப்புப் புரதம்) ஊசியும் தேவைப்படும். தைவான் 1984ல் பி உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1986ல் எல்லாக் குழந்தைகளுக்கும் பி தடுப்பூசியைத் தொடங்கியது, பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அங்கே சிறுவர்களின் ஈரல் புற்றுநோய் பாதியாகிவிட்டது. இவ்வளவு தெளிவான வெற்றி எந்த மைக்ரோ ஆர்என்ஏவுக்கும் இன்னும் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்கச் சொல்றாங்க. கொடுத்தா நமக்கு என்ன?

நேரடியாக உங்களுக்கு ஒன்றும் இல்லை, பல நேரம் ரிசல்ட்கூட வராது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், வேண்டாம் என்றால் விலகலாமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குவாங்ஜோவின் அந்த 27 பேரும் ரத்தம் கொடுத்த அன்று நோய் கண்டுபிடிக்கப்படாதவர்கள்தான். அண்ணன் போன மாதம் ஸ்கேனுக்குப் போனபோது கொடுத்துவிட்டு வந்தார். ஊதா மூடிக் குழாய்தானா என்று நர்ஸிடம் கேட்டாராம், அவர் முறைத்தாராம்.